பழைய ஃபான்ட்டில் டைப் செய்த தமிழ் ஃபைல்கள் உடைந்து தெரிகின்றன, மீட்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஆசிரியராக இருந்த உங்கள் அப்பா, மலைக் கிராமங்களில் கேட்டு எழுதிய பாட்டுகளையும் கதைகளையும் 1999-லிருந்து சில வருடங்கள் சேலத்தில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் செய்து வாங்கியிருக்கிறார். அந்த சிடியை உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் போட்டால் சில ஃபைல்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகவும், சில கட்டம் கட்டமாகவும், சில வெறும் கேள்விக்குறியாகவும் தெரிகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக் கணக்குக்கு, மாற்றும் ஒரு சாஃப்ட்வேர் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். பெயரும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, அப்பாவின் எழுத்து அந்த ஃபைலுக்குள் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான். அதற்கு ஃபைலுக்கு ஃபைல் பதில் மாறும். ஆங்கிலமாகத் தெரிபவை அநேகமாக முழுசாக மீளும். கட்டங்களும் பெரும்பாலும் மீளும். கேள்விக்குறிகளில்தான் கவலைப்பட இடம் இருக்கிறது.

சேலத்தில் அச்சகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் பழைய ஃபைல்களை மாற்றித் தரும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இது: சிடியில் இருப்பது முழுவதையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகல் எடுங்கள், அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள், இன்னொரு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். உடைந்து தெரியும் ஃபைலைத் திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. திறந்த நிலையிலேயே சேவ் செய்தால்தான் கெடும். மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய ஃபான்ட்டால் கெட்டவர்கள் இல்லை, மூடும்போது 'சேவ் செய்யவா?' என்று கேட்டதற்கு ஆமாம் சொன்னதால் கெட்டவர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஃபைலுக்குள் எழுத்து கிடையாது, 0 முதல் 255 வரையான எண்கள்தான் உண்டு, ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தம் ஃபைலுக்கு வெளியே இருக்கிறது. அம்மாப்பேட்டைப் பக்கம் பட்டுத்தறி பார்த்திருப்பீர்கள். ஜக்கார்டு அட்டையில் இருப்பது ஓட்டைகள் மட்டும், எந்தக் கொக்கியில் எந்த நூல் கோத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூ விழும். அட்டை கெடாமல் இருந்தும் வேறு தறியில் போட்டால் வேறு என்னமோ விழும். உங்கள் ஃபைல்களில் பலவற்றுக்கு நடந்திருப்பது இதுதான்.

1999-ல் தமிழுக்கு ஒரே ஒப்பந்தம் என்று எதுவும் நடைமுறையில் இல்லை. அந்த வருடம் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டேப், டேம் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இணையத்தில் எழுதியவர்கள் திஸ்கி என்ற இன்னொன்றை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். அச்சகங்களில் ஸ்ரீலிபி, அரசு அலுவலகங்களில் வானவில், இலங்கைத் தமிழரிடையே பாமினி என்று ஒவ்வொன்றும் தன் கணக்கில் ஓடியது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 98-இல் அதை எழுதவோ படிக்கவோ வசதி இல்லை. விண்டோஸ் 2000-இல்தான் லதா ஃபான்ட்டோடு வந்தது. ஆகவே உங்கள் அப்பாவின் முதல் சில வருட ஃபைல்கள் யூனிகோடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றதே 2010-இல்தான்.

இப்போது ஆங்கிலமாகத் தெரியும் ஃபைல்களைப் பார்ப்போம். பாமினி மாதிரியான ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்ற சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். மலை என்ற சொல் கே, ஐ, ஒய் என்று இருக்கும். இந்த இரண்டாவது சொல்லை நன்றாகக் கவனியுங்கள். ம-வுக்கு அடுத்து ஐகாரக் கொம்பு, அதற்கப்புறம் ல. கண்ணால் பார்க்கும் வரிசையில் எண்கள் இருக்கின்றன. யூனிகோடில் ல முதலில், கொம்பு பிறகு. ஆகவே மாற்றும் சாஃப்ட்வேர் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்புகளை இடம் மாற்றி வைக்கவும் வேண்டும். மலைப் பாட்டில் மலை வராமலா இருக்கும்? சின்ன எழுத்தில் கே ஐ ஒய் என்று அந்த ஃபைலில் தேடுங்கள். அடிக்கடி அகப்பட்டால் பாமினி என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். அகப்படாவிட்டால் வேறு ஃபான்ட், அவ்வளவுதான், எழுத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஒரே பாட்டு வேர்டு ஃபைலாகவும் டெக்ஸ்ட் ஃபைலாகவும் இருந்தால் வேர்டு ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். டெக்ஸ்ட் ஃபைலில் ஃபான்ட் பெயர் இருக்காது. வேர்டு ஃபைலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஃபான்ட் பெயர் பதிந்திருக்கும். லிப்ரே ஆபிஸில் திறந்து ஒரு வரியில் கர்சரை வைத்தால் மேலே ஃபான்ட் பெட்டியில் பெயர் வரும். அந்த ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் சாய்வெழுத்தில் பெயரைக் காட்டும். அந்த ஒரு பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொரு லாபமும் உண்டு. அப்பா இடையில் ஆங்கிலத்தில் ஊர் பெயரோ தேதிக் குறிப்போ எழுதியிருந்தால், டெக்ஸ்ட் ஃபைலில் எது ஆங்கிலம், எது பாமினி என்று இயந்திரத்தால் பிரிக்க முடியாது, இரண்டையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். வேர்டு ஃபைலில் ஃபான்ட்டை வைத்துப் பிரித்துவிடலாம். வேர்டு ஃபைலில் ஒரே ஒரு கெடுதல் தேட வேண்டும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி வேர்டில் இருக்கிறதல்லவா, டைப் செய்யும்போது அது ஓடிக்கொண்டிருந்தால் பாமினியில் த என்று அடித்தது து ஆகியிருக்கும், ம என்று அடித்தது மு ஆகியிருக்கும். வரி தொடக்கத்தில் இப்படி விநோதமாக உகரம் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கட்டம் கட்டமாகத் தெரிபவற்றுக்கு இரண்டு காரணம் இருக்கலாம், பார்க்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று, ஃபைல் நல்ல யூனிகோடாகவே இருந்து உங்கள் லினக்ஸில் தமிழ் ஃபான்ட் இல்லாமல் இருப்பது. ஒரு தமிழ் யூனிகோடு ஃபான்ட்டை நிறுவினால் சரியாகிவிடும், ஃபைலைத் தொடவே வேண்டாம். இரண்டாவது, சில பழைய ஃபான்ட்டுகளைக் குறியீட்டு ஃபான்ட் என்று பதிவு செய்திருப்பார்கள். அவற்றில் அடித்ததை வேர்டு யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், 61472-லிருந்து 61695 வரையான எண்களில், கொண்டுபோய் வைத்துவிடும். வெளியே ஒட்டினால் கட்டம்தான் வரும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 61440-ஐக் கழித்தால் பழைய எண் கிடைத்துவிடும். அதற்கப்புறம் பாமினிக்குச் செய்வது போலத்தான்.

நீங்கள் குறிப்பிடாத இரண்டு வகையும் சிடியில் இருக்கலாம். ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் அது திஸ்கி அல்லது டேப். இரண்டும் 127 வரை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைத்தவை. எது என்று பார்க்க ஒரு வரியை இரண்டு விதமாகவும் மாற்றிப் பாருங்கள், ஒன்றுதான் படிக்கும்படி வரும். லினக்ஸில் இவற்றை நேராகத் திறந்தால் கறுப்பு வைரக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரியும். அது 'எனக்குப் புரியவில்லை' என்று திரை சொல்வது மட்டுமே. எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் சேவ் செய்யாத வரை.

இன்னொரு வகை, சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வருவது. அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள், அது நல்ல யூடிஎஃப்-8 தமிழ், அதாவது யூனிகோடைப் பைட்டுகளாக எழுதி வைக்கும் முறை. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதை விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் படித்தால் இந்த உருவங்கள் வரும். சரியான என்கோடிங்கை, அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தத்தை, சொல்லித் திறந்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் யாராவது அந்தக் கோலத்திலேயே அதை மறுபடி சேவ் செய்திருந்தால் கொஞ்சம் சிக்கல். அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து எண்களுக்கு எழுத்தே கிடையாது. தமிழில் உகரக் குறியின் மூன்றாவது பைட் 129, புள்ளியினுடையது 141, ஏ-வினுடையது 143, ஐ-யினுடையது 144. சில சாஃப்ட்வேர்கள் அவற்றை அப்படியே காப்பாற்றும், சில தூக்கி எறிந்துவிடும். உங்கள் ஊர்ப் பெயரே இதற்கு நல்ல சோதனை. ஏற்காடு என்ற சொல்லில் ஏ இருக்கிறது, புள்ளி இருக்கிறது, உகரம் இருக்கிறது. திருப்பி மாற்றியபின் ஏற்காடு முழுசாக வந்தால் மற்றதும் வந்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம். அந்த இடங்களில் ஓட்டை விழுந்திருந்தால் நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான், மிச்ச எழுத்தை வைத்து ஊகிப்பது தமிழ் தெரிந்தவருக்குச் சிரமமில்லை.

கேள்விக்குறிக்கு வருகிறேன். திரையில் தெரிவதை நம்பாதீர்கள், ஃபைலுக்குள் பாருங்கள். லினக்ஸில் ஓ, டி என்ற இரண்டே ஆங்கில எழுத்தாலான ஒரு கட்டளை உண்டு, பைட்டுகளைத் தசம எண்ணாகவே காட்டச் சொல்லலாம். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் 63, 63, 63 என்று வந்தால் அந்த ஃபைலில் எழுத்து போய்விட்டது. அது நிச்சயம். எந்தச் சாஃப்ட்வேராலும் திருப்ப முடியாது, முடியும் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். 239, 191, 189 என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தாலும் இதே கதைதான். யூனிகோடு தமிழை நோட்பேடில் ஆன்ஸி என்று, அதாவது தமிழுக்கு இடமில்லாத பழைய அட்டவணையில், சேவ் செய்யும்போது ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். தமிழ் என்ற சொல்லுக்கு ஐந்து கேள்விக்குறி, புள்ளிக்கும் சேர்த்து. ஆனால் இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது, இது என் ஊகம்தான். இப்படி 63 ஆக வேண்டுமென்றால் ஃபைல் அதற்கு முன் யூனிகோடாக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் காலத்து டிடிபி ஃபைல் யூனிகோடாக இருந்திருக்காது என்று மேலே சொன்னேன். அப்படியானால் பின்னால் யாரோ மாற்றிப் பார்த்து, சேவ் செய்யும்போது கெடுத்திருக்கிறார்கள். மூல ஃபைல் அதே சிடியில் வேறு பெயரில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஃபைல் தேதியையும் அளவையும் ஒப்பிட்டுத் தேடுங்கள்.

வரி முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இருப்பது பாட்டு. உரைநடையில் வரி கலைந்தால் பெரிய நஷ்டமில்லை, பாட்டில் அடி எங்கே முடிகிறது என்பதே போய்விடும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்று இரண்டு பைட் போடும். லினக்ஸ் 10 மட்டும் போடும். பழைய மேகின்டாஷ் 13 மட்டும் போடும். அச்சக மேக்கிலிருந்து வந்த டெக்ஸ்ட் ஃபைல் உங்கள் லேப்டாப்பில் முழுப் பாட்டும் ஒரே வரியாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். டாஸ்-டு-யூனிக்ஸ், மேக்-டு-யூனிக்ஸ் என்ற சிறு நிரல்கள் இதைச் சரிசெய்யும். டெக்ஸ்ட் ஃபைலில் மட்டும் ஓட்டுங்கள், வேர்டு ஃபைலில் ஓட்டினால் அது உடையும்.

கருவிகள். விண்டோஸ் கணினி கிடைத்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் இலவசம், பாமினி, வானவில், ஸ்ரீலிபி, திஸ்கி, டேப், டேம் எல்லாம் அதில் உண்டு. பிரவுசரிலேயே ஒட்டி மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது. லினக்ஸில் திஸ்கிக்கு ஐகான்வ் என்ற கட்டளையே போதும், திஸ்கி அதற்குத் தெரியும். பாமினி தெரியாது, அது பதிவான என்கோடிங் இல்லை, ஒரு ஃபான்ட்டின் சொந்தக் கணக்கு. பைத்தான் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் பாமினிக்கும் மற்றவற்றுக்கும் மாற்றிகள் உள்ளன, நிறைய ஃபைல் இருந்தால் அதுதான் சௌகரியம். நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்தினால் என்கோடிங் மெனுவில் கவனம் வேண்டும். மேலே இருப்பவை 'இப்படி எடுத்துப் படி' என்று சொல்பவை, கீழே 'கன்வர்ட்' என்று தொடங்குபவை எண்களையே மாற்றுபவை. தமிழ் சரியாகத் தெரிகிற வரை மேலே உள்ளதைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும், தெரிந்தபின்தான் கீழே போக வேண்டும்.

மாற்றி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. எல்லா மாற்றிகளும் சறுக்குகிற இடங்கள் இரண்டு உண்டு. துணைக்காலும் ர-வும் பழைய அச்சில் ஒரே உருவம். ர் வேண்டிய இடத்தில் டைப் செய்பவர்கள் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்துவிடுவார்கள், தாளில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடில் அது ர் ஆகாது. கண்ணுக்கு ஏறக்குறைய சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. எனவே துணைக்காலுக்கு அடுத்துப் புள்ளி வருகிற எல்லா இடத்தையும் ர் என்று மாற்றுங்கள், துணைக்காலுக்கு அடுத்து இகர, ஈகாரக் கொக்கி வருமிடத்தை ரி, ரீ என்று மாற்றுங்கள். தமிழில் துணைக்காலுக்கு மேல் இவை வரவே முடியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றலாம். ஔகாரம் அப்படி இல்லை. கௌரவம் என்பதன் ஔகாரச் சிறகும் ள-வும் ஒரே உருவம், மாற்றி கெ, ள என்று பிரித்துவிடும். இங்கே மொத்தமாக மாற்றினால் கெளுத்தி மீனின் பெயரும் உடைந்துவிடும், ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் எதைப் பார்ப்பது என்றால், சேர்வராயன் என்ற உங்கள் மலையின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏகாரக் கொம்பு இடம் மாறியதா, ர் ஒழுங்காக வந்ததா, ரா-வில் ர-வும் காலும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று மூன்றையும் அந்த ஒரு பெயர் காட்டிவிடும். தேடலில் அகப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது.

எழுத்துப்பிழை திருத்தியை மட்டும் இந்தப் பாட்டுகளின் மேல் ஓட்டாதீர்கள், இதை வேண்டிக் கேட்கிறேன். மலையில் பேசுகிற சொல் அதற்குத் தெரியாது, தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். அப்பா கேட்டு எழுதிய வடிவம்தான் அந்தப் பாட்டின் மதிப்பே. அவருடைய கையெழுத்து நோட்டு வீட்டில் இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். இல்லையென்றால் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கம் இன்னும் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டு வையுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

கடைசியாகச் சேமிப்பது யூடிஎஃப்-8 டெக்ஸ்டாக இருக்கட்டும், பாட்டுக்கு ஒரு ஃபைல், ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் ஜிப் செய்து வேறு கணினியில் பிரிக்கும்போது சில சமயம் பெயர் உடைகிறது. பாட்டு, ஊர், பாடியவர் என்று ஒரு பட்டியல் போட்டு சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலாக) வைத்தால் அதை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள், டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து 65001 என்ற யூடிஎஃப்-8 தேர்வைக் கொடுங்கள். பழைய மூல ஃபைல்களையும் அழிக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும். பின்னால் ஒரு வரியில் சந்தேகம் வந்தால் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மேற்கொண்டு உதவ வேண்டுமானால் மூன்று வகையிலும் ஒவ்வொரு ஃபைலை அப்படியே இணைத்து அனுப்புங்கள். எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் வழியிலேயே சில எண்கள் மாறிவிடும், திரையைப் படம் எடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வேர்டு ஃபைலில் பார்த்த ஃபான்ட் பெயரையும் கூடவே எழுதுங்கள்.